எல்லையில் உட்கார்ந்து விளம்பரம் எழுதுவது: ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர் ஆக விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளாவின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர். வீட்டில் தமிழ். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். 14 வருடமாக விளம்பர எழுத்துதான் என் பிழைப்பு. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் எழுதுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு என்ன செய்வதென்று யோசிக்கும் பிள்ளைகள், குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்கள், டிடிபி சென்டரில் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் என்று பலர் இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காப்பிரைட்டர் என்றால் காப்புரிமை பார்ப்பவரா?

இல்லை. உச்சரிப்பு ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. விளம்பரத்தில் வரும் எழுத்துப் பகுதிக்குக் காப்பி என்று பெயர். அதை எழுதுபவர் காப்பிரைட்டர். நோட்டீஸ், பாக்கெட் மேல் வரும் வாசகம், ரேடியோ விளம்பரம், கடையின் வாட்ஸ்அப் செய்தி, வெப்சைட், ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் இதில் அடக்கம். ஒரே கம்பெனியில் சம்பளத்துக்கு இல்லாமல், பல பேருக்கு வேலைக்கு இவ்வளவு என்று பேசி எழுதினால் அது ஃப்ரீலான்ஸ்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் சரளமாக வராது. முடியுமா?

முடியும். நானும் தமிழ் மீடியம்தான். க்ளையன்ட் அனுப்பும் மெயிலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு இங்கிலீஷ் வேண்டும், அது பழகப் பழக வந்துவிடும். பட்டம் எதையும் இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எழுதிய வேலையைக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒற்று விட்டுப்போன பேனர் 20 அடி உயரத்தில் ஒரு மாதம் நிற்கும். கடைக்காரருக்குக் காசு நஷ்டம், நமக்குப் பெயர் நஷ்டம்.

கோயம்புத்தூர், சென்னைக்காரர்களோடு நம்மால் போட்டி போட முடியுமா? எல்லையில் இருந்துகொண்டு என்ன கிடைக்கும்?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். "நம்ம பேச்சு ரெண்டுங்கெட்டான் பேச்சுக்கா" என்பார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பேச்சை வைத்துத்தான் நான் வீடு கட்டினேன்.

ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஓடும் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் அது ஆடி. புது வீடு, கல்யாணம் எதுவும் கிடையாது, அதனால் கடைக்காரர்கள் தள்ளுபடி போட்டு ஆளைக் கூப்பிடுகிறார்கள். பாலக்காட்டில் அதே மாதம் கர்க்கிடகம். அங்கே அது மழைக்காலப் பஞ்ச மாதம், சாயங்காலம் ராமாயணம் வாசிக்கும் மாதம், கர்க்கிடகக் கஞ்சி குடித்து, எண்ணெய் தேய்த்து உடம்பைத் தேற்றும் மாதம். இந்தப் பக்கம் "அள்ளிக்கோ" என்று எழுதும் அதே நாளில் அந்தப் பக்கம் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுத வேண்டும். அடுத்து ஆவணி முதல் தேதி, அங்கே அது சிங்க மாதத்தின் முதல் தேதி. அதோடு ஓணக்கோடி, அதாவது ஓணத்துக்குப் புதுத்துணி, வாங்கும் கூட்டம் புறப்படும். 'காணம் விற்றும் ஓணம் உண்ணணும்' என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் அது, சொத்தை விற்றாவது ஓணச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று பொருள். ஆண்டு முழுக்க யோசித்துச் செலவு செய்யும் குடும்பம்கூட அந்தப் பத்து நாளில் தாராளமாக வாங்கும். ஆடித் தள்ளுபடி நோட்டீஸை மலையாளமாக்கி, அப்படியே ஓணத்துக்கு ஓட்டும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் வராததற்குக் கடைக்காரர் வேறு காரணம் தேடுவார்.

எண்ணெயும் அப்படித்தான். பொள்ளாச்சிப் பக்கத்து மில் ஒன்றின் தேங்காயெண்ணெய் இரண்டு பக்கமும் போகிறது. கொங்கு நாட்டு வீடுகளில் தாளிப்பதற்குப் பெரும்பாலும் கடலை எண்ணெயைத்தான் எடுப்பார்கள், தேங்காயெண்ணெய் தலைக்கு. எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டினால் அதே தேங்காயெண்ணெயில்தான் பப்படம் பொரியும், அவியலில் கடைசியாகப் பச்சை எண்ணெய் விழும். ஆக, ஒரே பாட்டிலுக்கு இந்தப் பக்கம் தலைமுடியைப் பேச வேண்டும், அந்தப் பக்கம் அடுப்படியைப் பேச வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு திறமைசாலி இதை யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அது அம்மா சமையலிலேயே தெரியும். இந்தத் தெரிதலுக்கு விலை உண்டு என்பதை நாம்தான் முதலில் நம்ப வேண்டும்.

இரண்டு மொழி தெரியும் என்றால் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாதா?

மொழிபெயர்ப்பு தனித் தொழில், நல்ல தொழில். விளம்பரத்தை மட்டும் அப்படிப் பெயர்த்துப் போட்டால் அடி விழும். மலையாளத்தில் அவசரம் என்றால் நல்ல வாய்ப்பு. தமிழில் அவசரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மலையாள நோட்டீஸ் ஒன்றைத் தமிழாக்கி "இந்த அவசரத்தைத் தவறவிடாதீர்கள்" என்று அச்சடித்த ஒரு கடை நோட்டீஸ் என் கைக்கே வந்தது. மலையாளத்தில் வெள்ளம் குடிதண்ணீர், நமக்கு அது ஊரை அடித்துப்போவது. அவர்களுக்குச் சம்சாரம் பேச்சு, நமக்கு வீட்டுக்காரி. தினமும் புழங்குகிற நமக்கே கை தவறும். அதனால் நான் மலையாள வாசகத்தைத் தனியாக எழுதி, மலையாளத்தில் படித்த ஒருவரிடம் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திரும்ப எழுதுவேன்.

முதல் வேலை எப்படிக் கிடைக்கும்?

ஆன்லைனில் வேலை தேடும் தளங்களில் பதிவு செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் எனக்கு முதல் வேலை கிடைத்தது ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில். நோட்டீஸ் அடிக்க வருகிற கடைக்காரர்களில் பலருக்கு என்ன எழுதுவதென்று தெரியாது. பழைய நோட்டீஸைக் கொடுத்து, தேதியை மட்டும் மாற்றச் சொல்வார்கள். பிரஸ்காரரிடம் பேசி, "அண்ணா, வாசகம் வேணும்னு யாராச்சும் கேட்டா எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவைத்தேன். இன்றைக்கும் பிரஸ், ஃப்ளெக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, சின்ன டிசைனர்கள் வழியாகத்தான் புது ஆட்களுக்கு வேலை சீக்கிரம் வருகிறது.

காட்டுவதற்கு வேலை இல்லையென்றால், நீங்களே ஐந்து எழுதுங்கள். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் ஒரு மண்டி, உங்கள் தெரு டைலர், பக்கத்து நர்சரி, பாலக்காட்டு மட்டை அரிசி விற்கும் கடை, பொள்ளாச்சியில் ஒரு கயிறு மில். நிஜக் கடைக்குப் போய்ப் பேசி, நிஜமாக எழுதி, அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். இலவசம் இந்த ஐந்தோடு நிற்க வேண்டும். ஆறாவதற்கு இலவசமாக எழுதினால் ஏழாவதற்கும் அதேதான்.

உட்கார்ந்ததும் வார்த்தை வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

கடையில். மேசையில் உட்கார்ந்தால் வார்த்தை எனக்கும் வராது. எழுத வேண்டிய பொருள் விற்கிற இடத்தில் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். முதலாளி சொல்வதைவிட வாங்க வருகிறவர் கேட்பதைக் கவனியுங்கள். ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன அதே வார்த்தையை, திருத்தாமல், எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன எண்ணெய் மில்லுக்காக அவர்கள் விற்பனைக் கடையில் அப்படி உட்கார்ந்தேன். முதலாளி என்னிடம் சொல்லியிருந்ததெல்லாம் தூய்மை, தரம், பாரம்பரியம். எல்லா மில்லும் இதைத்தான் சொல்கிறது. கடைக்கு வந்த ஓர் அம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போன மார்கழில வாங்கினது அப்படியே கட்டி தட்டிப் போச்சுங்க, மெழுகு கிழுகு கலக்கறீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் அதே சந்தேகத்தைக் கேட்டார்கள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது அதன் இயல்பு. பொள்ளாச்சி மார்கழிக் காலைக்கு அந்தக் குளிர் தாராளம். லேபிளில் நான் எழுதியது இவ்வளவுதான்: "மார்கழிக் காலையில் உறையும். நல்ல தேங்காயெண்ணெய் அப்படித்தான். வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள்." முதலாளிக்கு முதலில் மனசில்லை, குறையை நாமே எழுதுவதா என்றார். அந்த வருடம் குளிர்காலத்தில் பாட்டில் திரும்பி வருவது குறைந்தது என்று பிறகு அவரே போன் பண்ணினார்.

நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரிகள் எல்லாம் இப்படி யாரோ ஒருவர் கடையில் கேட்ட கேள்விக்குப் பதில்தான். அலங்காரம் தேடி அலைந்து எழுதிய வரிகளை நானே மறந்துவிட்டேன்.

எழுத்து எண்ணிக்கை விஷயத்தில் தமிழுக்கு ஏதாவது தனிக் கணக்கு உண்டா?

உண்டு. எஸ்எம்எஸ் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துவைக்க வேண்டும். இங்கிலீஷில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ், மலையாளம் போன்ற மொழிகளுக்கு 70தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகக் கணக்காகும், ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடம், துண்டுக்குத் துண்டு காசு. இதில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி இடம் பிடிக்கும். தள்ளுபடி நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் எட்டு. 20,000 பேருக்கு அனுப்பும் கடைக்கு ஒரு வார்த்தை குறைவது நேரடியான மிச்சம். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினால் கடைக்காரர் நம்மை வேறு மாதிரிப் பார்ப்பார்.

வியாபார எஸ்எம்எஸ் வாசகத்தை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, போன் கம்பெனிகள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவான பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது. பெயர், தொகை, தேதி மாதிரி மாறும் இடங்களை முதலிலேயே விட்டு எழுதுங்கள். கூகுள் தேடல் விளம்பரத்தில் தலைப்புக்கு 30, விளக்கத்துக்கு 90. தமிழில் அது ரொம்பச் சின்ன இடம்.

எவ்வளவு கேட்பது? வார்த்தைக்கு இவ்வளவு என்று வாங்கலாமா?

கட்டுரைக்கு வார்த்தைக் கணக்குச் சரி. விளம்பரத்துக்குச் சரிவராது. 12 வார்த்தையில் முடித்தால் நல்ல விளம்பரம், ஆனால் கூலி குறைந்துவிடும். ஒரு பெரியவர் என் பில்லைப் பார்த்துவிட்டு, "என்னங்கம்மிணி, நாலு வரிக்கு இவ்வளவா?" என்றார். "நாலு வரியாச் சுருக்கறதுக்குத்தானுங்கண்ணா ரெண்டு நாள் ஆச்சு" என்றேன். கொடுத்துவிட்டார்.

நாள் கூலியாகக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். உங்கள் குடும்பத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெட், போன், பஸ், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு 5,000. ஆக 30,000. மாதத்தில் 25 நாள் உட்கார்ந்தாலும் கூலி வருகிற வேலை 12 நாள்தான் இருக்கும். மீதி நாள் வேலை தேடவும், பேசவும், பாக்கி கேட்கவும் போய்விடும். 30,000-ஐ 12-ஆல் வகுத்தால் நாளுக்கு 2,500. ஒரு நோட்டீஸுக்குக் கடைக்குப் போய்ப் பேச அரை நாள், எழுத அரை நாள், திருத்த அரை நாள். அப்படியானால் 3,750 கேட்க வேண்டும். இதற்குக் கீழே வாங்கினால் உங்கள் வீட்டுக் காசைப் போட்டுக் கடைக்காரருக்கு விளம்பரம் செய்கிறீர்கள்.

இரண்டு மொழியில் கேட்டால் இரண்டு வேலை. இரண்டாவது மொழிக்கு நான் முதல் மொழியின் விலையில் முக்கால் பங்கு வாங்குகிறேன். "அதே விஷயம்தானே" என்பார்கள். ஆடியும் கர்க்கிடகமும் ஒரே மாதம்தான், ஆனால் ஒரே விஷயமா என்று விளக்கிச் சொல்லுங்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டுமா? தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது?

தெரிந்தவர்களிடம்தான் கட்டாயம் போட வேண்டும். நீளமாக வேண்டாம். என்ன வேலை, எந்த மொழி, எவ்வளவு தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், மீதி எந்தத் தேதிக்குள், இதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பாதியை அட்வான்ஸாக வாங்கிய பிறகுதான் கடைக்கே போவேன். திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதிலிருந்து தனிக் கணக்கு.

எழுத்தின் உரிமை யாருக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை பொதுவாக முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸாக எழுதியதன் முதல் உரிமை எழுதியவருக்கு. அதைக் க்ளையன்ட்டுக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்து வடிவில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இதைக் காட்டிக் கடைக்காரரை மிரட்ட வேண்டாம். முழுப் பணமும் வந்த பிறகு உரிமை மாற்றி எழுதித் தருகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாக்கி தானாக வரும்.

வேலை முடிந்து மாதக்கணக்காகிறது, பணம் தரவில்லை. என்ன செய்வது?

ஆரம்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு முழுத் தீபாவளி சீசனும் எழுதினேன். 40,000 ரூபாய் பாக்கி. எட்டு மாதம் நடந்து பாதிதான் கைக்கு வந்தது. அந்த வருடம் என் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வளையலை அடகு வைத்தேன். அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடக்கிறது. ஆன்லைனில் நீங்களே செய்யலாம், கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். அதில் பதிவு செய்தால் தனி ஆளாக எழுதுகிற நீங்களும் ஒரு குறுந்தொழில். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை இதற்கான மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் பதியலாம், அது இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் மாநிலக் கவுன்சிலுக்குப் போகும்.

நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், வேலை செய்து கொடுத்தவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கலாம். கோயம்புத்தூர்க் கடை ஏமாற்றினால் அங்கே வக்கீல் தேடி அலைய வேண்டியதில்லை, கேரளக் கவுன்சிலுக்கே போகலாம். பதிவை மட்டும் வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு அது உதவாமல் போகலாம்.

இப்போது என் பில்லின் அடியில் உத்யம் எண்ணும், 45 நாள் விதியும் ஒரு வரியாக இருக்கிறது. புகார் வரை போனது ஒரே தடவைதான்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? கேரளாவில் இருந்து தமிழ்நாட்டுக்குப் பில் போடுகிறேனே?

ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நம் வேலைக்குக் கட்டாயம் இல்லை. வேறு மாநிலத்துக்குச் சேவை செய்தால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும் என்ற நிலை ஆரம்பத்தில் இருந்தது. 2017 அக்டோபரில் சேவைகளுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். பழைய கணக்கர்கள் சிலர் இன்னும் பயமுறுத்துவார்கள்.

கம்பெனிகள் நம் பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே, பிடிப்பது வழக்கம். 2025 ஏப்ரல் முதல், ஒரே க்ளையன்ட் ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் அது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 ஆகிவிடும். பிடித்த பணம் தொலைந்துபோகாது, ரிட்டர்ன் தாக்கல் செய்து, வரி இல்லையென்றால் திரும்ப வாங்கலாம்.

ஆயுர்வேதக் கம்பெனி ஒன்று "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்" என்று எழுதச் சொல்கிறது. எழுதலாமா?

எழுதாதீர்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும்.

நம் பக்கத்தில் ஆயுர்வேத வேலை நிறைய வரும், நானும் விரும்பித்தான் செய்கிறேன். ஆனால் 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம் சர்க்கரை, புற்றுநோய், ரத்தக் கொதிப்பு, உடல் பருமன் உள்பட ஒரு நீண்ட பட்டியலில் உள்ள நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. அந்த விளம்பரம் வெளிவருவதில் எந்த விதத்திலும் பங்கெடுக்கக் கூடாது என்பது சட்டத்தின் வாசகம். எழுதுபவரும் அதற்குள் வருவார் என்றுதான் நான் படிக்கிறேன். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

சட்டத்தைவிட எனக்கு வேறொன்று முக்கியம். என் பெரியம்மா இன்சுலினை நிறுத்திவிட்டு, நோட்டீஸில் பார்த்த சூரணத்தைச் சாப்பிட்டார். காலில் புண் ஆறாமல் விரல் எடுக்க வேண்டி வந்தது. அந்த நோட்டீஸை எழுதியவரும் என்னைப் போல ஒருவர்தானே. அவருக்கு என் பெரியம்மாவைத் தெரியாது. நாம் எழுதுவதைப் படித்து நம்புகிறவரின் முகம் நமக்குத் தெரியாது, அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

என்ன எழுதலாம்? என்ன மூலிகை, எங்கே விளைந்தது, எப்படிக் காய்ச்சுகிறார்கள், எத்தனை வருடமாகச் செய்கிறார்கள், யார் வைத்தியர். கர்க்கிடகக் கஞ்சியில் என்னென்ன சேர்கிறது என்று விவரமாக எழுதினாலே ஆள் வாங்குவார்.

மற்றப் பொருட்களுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் அதில் நடித்தவருக்கும் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளில் ஒன்று நமக்கு நேராகப் பொருந்தும். விளம்பரம் எந்த மொழியில் சொல்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக "இலவசம்" போட்டுவிட்டு, நிபந்தனையை இங்கிலீஷில் பொடியாகப் போடுவது இனி கூடாது.

ஏஐ வந்துவிட்டதே, இனி நமக்கு வேலை இருக்குமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சில வேலைகள் போய்விட்டன, மறைக்க மாட்டேன். பொருள் விவரப் பட்டியல், பிறந்தநாள் வாழ்த்து போஸ்ட் மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. நானும் தலைப்பு யோசிக்க அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மெழுகு கலந்திருக்கிறதா என்று கேட்ட அம்மாவின் வார்த்தையை எழுதிக்கொண்டு வருவதை நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எழுதும் வேகத்தில் போட்டி போட வேண்டாம். கேட்டு வருவதில் கெட்டிக்காரராகுங்கள்.

நாங்கள் ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கம். தமிழும் தெலுங்கும். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் மாம்பழக் கூழுக்குப் பேர் போனது, நகரியில் விசைத்தறி இருக்கிறது, திருப்பதிக்கு வரும் தமிழ்க் கூட்டம் தனி. உகாதி ஒரு நாள், சித்திரைப் பிறப்பு வேறு நாள், இரண்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அப்புறம், மேலே சொன்ன அவசரம் என்ற சொல் தெலுங்கில் தேவை என்று பொருள்படும். ஒரே சொல் மூன்று மாநிலத்தில் மூன்று பொருள். எந்த ஊர் நோட்டீஸிலும் அதைப் பார்த்தால் நின்று யோசியுங்கள்.

வேலையை விட்டுவிட்டு வரலாமா? எப்போது ஆரம்பிப்பது?

ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் இல்லாமல் விடாதீர்கள். சனி, ஞாயிறில் ஆரம்பித்து, நிலையான மூன்று க்ளையன்ட் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

ஆரம்பிக்க நல்ல சமயம் மே கடைசி. ஆடி வாசகங்களைக் கடைகள் ஜூனில் முடிவு செய்யும், ஓணத்துக்கான வாசகங்கள் ஜூலையில் அச்சுக்குப் போகும். ஜூன் முதல் வாரத்தில் போன வருட நோட்டீஸ்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, அதை நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள் என்று எழுதி, பொள்ளாச்சியில் ஒரு கடைக்கும் பாலக்காட்டில் ஒரு கடைக்கும் போய்க் காட்டுங்கள். காலையில் போக வேண்டாம், முதலாளிக்குப் பேச நேரம் இருக்காது. மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும், உட்காரச் சொல்லி டீ சொல்வார்.